வெள்ளத்தாய் காட்டில் வந்து நின்ற மரம்

நெருங்கி உட்காருங்கள், இன்னும் நெருங்கி, முழங்காலோடு முழங்கால் இடிக்கட்டும். இது கத்திச் சொல்கிற கதையில்லை, கத்திச் சொன்னால் இலுப்பைக்குடிக்காரன் ஒருத்தன் வந்து அப்படியில்லை என்பான், மருதங்குடிக்காரன் ஒருத்தன் வந்து இப்படியில்லை என்பான், அப்புறம் கதை நடக்காது, கம்புதான் நடக்கும்.

சுக்கான்பட்டியில் மண் என்று சொல்வது பேருக்குத்தான், ஒரு முழம் தோண்டினால் சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் என்று சொல்வதும் பேருக்குத்தான், வாயில் விட்டால் உப்பு. அந்த ஊரில் இரண்டு குடி. ஒரு குடிக்கு இலுப்பை மரம் தெய்வம், இன்னொரு குடிக்கு மருத மரம் தெய்வம், அதனால் இலுப்பைக்குடி, மருதங்குடி என்று பேர். ஒரு குடி வீட்டில் இழவு விழுந்தால் மறுகுடி வீட்டில் பாயசம் வைப்பார்கள் என்று வெளியூரில் சொல்வார்கள். அது பொய், பாயசம் வைக்கிற அளவுக்கு வெல்லம் எவன் வீட்டிலும் இருந்ததில்லை, வைக்க ஆசை மட்டும் இருந்தது. ஒரு குடிக்காரன் காலையில் மிதித்த மண்ணை மறுகுடிக்காரன் அன்றைக்குப் பொழுது சாயும் வரைக்கும் மிதிக்க மாட்டான். தெருவில் இவன் இடது ஓரம் நடந்தால் அவன் வலது ஓரம். இப்படி ஓரம் ஓரமாகவே நடந்து அந்த ஊர்த் தெருவில் நடுமண் மட்டும் புல் முளைத்துக் கிடந்தது.

அவர்களுக்குள் ஒத்துப்போன சட்டம் ஒன்றே ஒன்று: குடிமரம் எங்கே நிற்கிறதோ, அதன் நிழல் எதுவரைக்கும் விழுகிறதோ, அதுவரைக்கும் அந்தக் குடிக்கு மண் சொந்தம், குடிமரத்தில் இரும்பு படக்கூடாது. சட்டம் நல்ல சட்டம்தான், மரம்தான் இல்லை. இலுப்பைக்குடிக்காரர்கள் தங்கள் மரங்களைச் செங்கல் சூளைக்குக் கொடுத்துவிட்டார்கள், சூளைக்காரன் ஆள் வந்து வெட்டும்போது குடி மொத்தமும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது, கண் பார்க்காத வெட்டு வெட்டில்லை என்று. மருதங்குடிக்காரர்கள் ஓடையில் மணலை அள்ளி அள்ளி லாரியில் ஏற்றி, கரையில் நின்ற மருதும் காலுக்கு மண்ணில்லாமல் ஒரு நாள் சாய்ந்து போனது. அன்றிலிருந்து இலுப்பைக்குடிக் கருப்பசாமிக்கு எரிகிற விளக்கில் இலுப்பை எண்ணெய் கிடையாது, ரேசன் கடைப் பாமாயில்தான். பூசாரி ஊற்றும்போது சாமி முகத்தைப் பார்க்க மாட்டார்.

வெள்ளத்தாய் இந்த இரண்டிலும் சேராதவள். அவள் புருசன் இருளப்பனுக்கு அப்பன் இலுப்பைக்குடி, ஆத்தா மருதங்குடி. சண்டையை மீறித் தாலி கட்டிக்கொண்டவர்கள் பெற்ற பிள்ளை என்று இரண்டு பக்கமும் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, ஊருக்கு வெளியே முள்ளடைந்த காட்டுத் துண்டில் போய்க் கிட என்று விட்டார்கள். அவனும் வெள்ளத்தாயும் அந்தப் பாறையை உடைத்து உடைத்துக் கிணறு வெட்டினார்கள், ஊர் சிரித்தது, ஒரு நாள் தண்ணீர் வந்தது, அது இனிப்பாக இருந்தது, ஊர் சிரிப்பை நிறுத்திக்கொண்டது. இருளப்பனைப் பாம்பு கொத்திய அன்றைக்கு இரண்டு குடியிலும் வண்டி இருந்தது, இரண்டு குடி வண்டிக்கும் அச்சு முறிந்திருந்ததாம். அதற்குப் பிறகு அவளுக்கு மிஞ்சியது ஆடுகளும், ஒரு குடிசையும், சுக்கான்பட்டியிலேயே இனிப்பான அந்த ஒரு கிணறும்தான்.

மாசி மாதத்துக் காலை ஒன்றில் அந்த மரம் வந்தது.

மேற்கே தார் ரோட்டைக் கடக்கும்போதே பால்காரர்கள் பார்த்துவிட்டார்கள்: பெரிய மரம், ஆறேழு பேர் கை கோத்தாலும் கட்ட முடியாத மரம், கிழட்டு மரம், ஓடையைக் கடக்கிற பொம்பளை சேலையைத் தூக்கிச் செருகிக்கொள்கிற மாதிரி வேரையெல்லாம் தூக்கிக்கொண்டு, ஒரு இலைகூட இல்லாமல், நின்று நின்று நடந்து வந்தது. கோவில்பட்டி போகிற பஸ்ஸை டிரைவர் ஓரமாக நிறுத்தி ஆரன் அடித்தார்; மரம் அவசரப்படவில்லை; கண்டக்டர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "மரம்னாலும் ஒரு சைகை காட்டிட்டுக் கடக்கக் கூடாதா?" என்று வைதார். மின்கம்பி ஒன்று அறுந்தது; கரண்டு ஆபீஸ்காரர் வந்து முறுக்கிக் கட்டிவிட்டு, "இனிமே இந்த வழியா வராதே" என்று மரத்திடமே சொல்லிவிட்டுப் போனார். மரம் வெள்ளத்தாயின் முள்வேலியைத் தாண்டி, ஆட்டுக் கொட்டகையைச் சுற்றி, கிணற்றுக்குக் கிழக்கே வந்து நின்று, வேரைப் பாறைக்குள் இறக்கி, களைத்த ஆள் இடுப்பைச் சாய்க்கிற மாதிரி ஒரு முறை முறுகிச் சத்தம் போட்டுவிட்டு அடங்கியது.

வெள்ளத்தாய் பால் கறந்துகொண்டிருந்தாள். கறந்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

டீக்கடையில் அன்று முழுக்க அதே பேச்சு. மரம் ஏன் நடந்தது என்று கேட்டவர்களுக்கு, "அது நின்ன ஊர்ல தண்ணி வத்திருக்கும், நாம திருப்பூருக்குப் போகலையா, அது மாதிரித்தான்" என்று ஒருவர் சொன்னார், அதோடு அந்தக் கேள்வி தீர்ந்தது. இரண்டாவது டீ வருவதற்குள் வேறு கேள்வி வந்துவிட்டது, அந்தக் கேள்விக்குத்தான் கம்பு வந்தது: அது என்ன மரம்?

ஏனென்றால் இலுப்பையாக இருந்தால் அந்த நிழலும், நிழலில் கிடக்கிற கிணறும் இலுப்பைக்குடிக்கு. மருதாக இருந்தால் மருதங்குடிக்கு. வேறு மரமாக இருந்தால் என்ன என்று ஒருவனும் கேட்கவில்லை. வெள்ளத்தாய் எங்கே போவாள் என்றும் ஒருவனும் கேட்கவில்லை.

இலுப்பைக்குடிக்குத் தலைக்கட்டு தவசிக்கண்ணு. இருளப்பனுக்குப் பெரியப்பா முறை. அவர் ஊருக்குள் வருவதற்கு முன்னால் அவர் மீசை வரும் என்பார்கள். காலையில் சாமிக்கு விளக்கு அணைந்து கிடந்தாலும் கிடக்கும், மீசைக்கு வெண்ணெய் தடவாமல் வெளியே வர மாட்டார். அவர் ஆட்களோடு கிழக்குப் பக்கம் வந்து நின்றார். மரம் வந்த வழியெல்லாம் அப்பிய சேறு காய்ந்து தூர் முழுக்க மூடியிருந்தது. அவர் நகத்தால் சுரண்டினார்.

"பாத்துக்கோங்கடே, பட்டைய. கறுத்து, சதுரம் சதுரமாச் சில்லு வெடிச்சு, முதலைத் தோலாட்டம். மேல பாரு, கொப்பு நுனி எல்லாம் தடிச்சு, இலை உதுந்த தழும்பு வளையம் வளையமா. இலுப்பை கொத்துக் கொத்தா நுனியிலதான் இலை விடும். எங்க அய்யா தோள்ல உக்காந்து பாத்த மரம்டே எனக்கு. இலுப்பையேதான்."

மேற்குப் பக்கம் மருதங்குடிக் கொம்பையா நின்றார். இருளப்பனுக்குத் தாய்மாமன், தங்கச்சி மகன் செத்தபோது வெயில் தாழட்டும் என்று வீட்டுக்குள் இருந்தவர். அந்தப் பக்கம் மரம் ஏதோ பாறையில் உரசி வந்திருக்கிறது, மேல்பட்டை சீவிப் போய் வெளுத்துக் கிடந்தது.

"ஏய், கண்ணவிஞ்ச கூட்டம்! பட்டைய இங்க வந்து பாருங்கலே. வழுவழுன்னு, வெளுத்து, சட்டை உரிச்ச பாம்பாட்டம். கொப்பெல்லாம் ஆத்துத் தண்ணியப் பாக்க மாதிரி கீழ தொங்குது. இதத் தெரியாதவன் மருதைக் கண்டவனா? மருதுலே!"

"அது நடந்து வந்த களைப்புல தொங்குதுலே, உன் பொண்டாட்டி தலை மாதிரி!"

"எம் பொண்டாட்டி தலையப் பத்திப் பேசுத மீசைய அறுத்து ஆட்டுக்குப் போடுவேன்!"

இப்படி. கவனியுங்கள், அந்த ஊரில் அத்தனை பேர் இருந்தும் மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தவன் ஒருவனும் இல்லை. அவன் மிதித்ததை இவன் மிதிக்கக்கூடாதே. கிழக்கே நின்றவன் கிழக்கையே பார்த்தான், மேற்கே நின்றவன் மேற்கையே பார்த்தான். சுற்றி வந்தவள் ஒருத்திதான். ஆட்டுக்குட்டி ஒன்று தூரடியில் பட்டையைக் கரண்டிக்கொண்டிருந்தது, வெள்ளத்தாய் போய் அதைத் தூக்கினாள், குட்டியின் வாயெல்லாம் வெள்ளையாகப் பால். அவள் இன்னும் அதற்குப் புல்லே காட்டவில்லை, தாயிடமும் விடவில்லை. மரத்தைப் பார்த்தாள், கரண்டின இடத்தில் செவந்த உள்பட்டை, அதில் கட்டியாகப் பால் வடிந்தது. மருதுக்குப் பால் கிடையாது. அப்படியென்றால் இலுப்பை, கிணறு தவசிக்கண்ணு கைக்கு. கிணற்றடியில் ஒரு கை சேறு எடுத்து வந்து அந்த இடத்தில் அப்பினாள், குட்டியின் வாயை முந்தானையால் துடைத்தாள்.

அறுத்துப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். ஆனால் இரும்பு படக்கூடாது. தன் குடிமரத்தை அறுத்தால் பாவம், அடுத்த குடிமரத்தை அறுத்தால் கொலை. கடைசியில் டீக்கடைக்காரர் சொன்னார்: "பட்டை பொய் சொல்லும், கொப்பும் பொய் சொல்லும். இலை சொல்லாது. பங்குனியில தளிர் வரட்டும்."

சரி என்று இரண்டு குடியும் ஒத்துக்கொண்டன. ஒத்துக்கொண்ட அன்றைக்கே இலுப்பைக்குடிக்காரர்கள் வந்து நிழலுக்குக் கட்டை அடித்தார்கள். காலை வெயிலில் வந்து அடித்தார்கள், அப்போதுதான் நிழல் மேற்கே நீண்டு கிணற்றின் மேல் விழும். மருதங்குடிக்காரர்கள் மத்தியானம் வந்து அந்தக் கட்டைகளைப் பிடுங்கி, அதே கட்டையால் அடித்தவன் மண்டையை உடைத்தார்கள். இரண்டு கூட்டமும் ஒன்று போல் செய்த காரியமும் உண்டு: வெள்ளத்தாயின் வாளிக் கயிற்றை அறுத்தது, அவள் ஊருக்குள் வருகிற ஒற்றையடிப் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டது, அவள் வேலிக்கு மேல் எச்சில் இலையை வீசியது. அதில் மட்டும் அவர்கள் பங்காளிகளைப் போல ஒற்றுமையாக இருந்தார்கள்.

தவசிக்கண்ணு ஒரு நாள் வேலிக்கு வெளியே நின்று சொன்னார்: "ஏட்டி, தளிர் விடுதுக்கு முன்னால ஆட்டப் பத்திக்கிட்டுப் போயிரு. பெறகு ஆடு இருக்கும், நீ இருக்க மாட்டே."

"எங்க மாமா போக?"

"வந்த எடத்துக்கு."

"இந்த மரமும் நின்ன எடத்த விட்டுத்தான வந்துருக்கு, மாமா. அத மட்டும் இருக்கச் சொல்லுதீக?"

அவர் காறித் துப்பிவிட்டுப் போனார். அவள் அண்ணாந்து பார்த்தாள். தடித்த கொப்பு நுனிகளில் மொட்டு புடைத்திருந்தது, குத்தப் போகிற விரல் மாதிரி.

மறுநாள் அவள் இரண்டு கிடாக்குட்டிகளைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போனாள். அங்கே அவள் கூடப்பிறந்த அண்ணன் மாசானம் வருவான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர். குட்டிகளை விற்கவில்லை, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"அண்ணே, நம்ம ஊருக் கோயில் காளை செத்துப் போச்சாமே?"

"பல்லெல்லாம் கொட்டிக் கெழடு தட்டித்தான் செத்தது. போன மாசம். என்ன அதுக்கு?"

"அது கழுத்து மணி இருக்கா?"

"இருக்கு."

"அதக் கல்ல வச்சு நசுக்கு. உன் சகலை பூலுடையாரை எங்க ஊருல எவனுக்கும் தெரியாதுல்லா? அவரைக் கம்போட அனுப்பு. கூட நாலு சத்தம் போடுத ஆளா வரட்டும்."

மாசானம் அவள் சொன்னதையெல்லாம் கேட்டான், கேட்டுவிட்டுச் சிரித்தான், சிரித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

பூலுடையார் மாட்டுத் தரகர். துண்டுக்குள் கை விட்டு விரலைப் பிடித்து விலை பேசியே வளர்ந்தவர், பொய்யை உண்மையின் எடைக்கு விற்பார், தொண்டை மட்டும் கோயில் கொம்பு. ஒரு முற்பகலில் சுக்கான்பட்டித் தெருவில், புல் முளைத்த அந்த நடுமண்ணிலேயே, பத்துப் பன்னிரண்டு பேரோடு கம்பை ஊன்றி ஊன்றி வந்தார், நசுங்கின வெண்கல மணியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"எவன்டா மரத்துக்காரன்?"

ஊர் கூடிவிட்டது. ஆட்களோடு அவர் நேரே வெள்ளத்தாயின் காட்டுக்கு நடந்தார், ஊர் பின்னாலேயே ஓடியது, மரத்தடியில் நின்றார்.

"இந்தா நிக்குதே, இது எங்க ஊரு வழியாத்தான் வந்துது. கோயில் காளை மேல கால வச்சுட்டு வந்துது. கும்புட்ட காளை! இந்தா மணி. இது எவன் குடிமரமோ அந்தக் குடித் தலைக்கட்டு எங்க ஊருக்கு வரணும், தலைய மொட்டையடிச்சு, மீசைய எடுத்து, கொள்ளிச்சட்டி தூக்கி, காளைக்கு மகனா முறை செஞ்சு, குழிமேட்டுல விழுந்து ஒப்பாரி வைக்கணும். வரலேன்னா நாங்க சும்மா போக மாட்டோம், ஆளக் கொண்டுதான் போவோம். சொல்லு. யாரு மரம்?"

இத்தனை நாள் ஊர் காதைக் கிழித்த அதே கேள்விதான். தவசிக்கண்ணுவின் கை தன்னையறியாமல் மீசைக்குப் போனது.

"அது வந்து..." என்று தொண்டையைச் செருமினார். "பட்டையப் பாருங்கய்யா. மேக்காமப் போயிப் பாருங்க. வழுவழுன்னு, வெளுத்து, சட்டை உரிச்ச பாம்பாட்டம். கொப்பு தண்ணியப் பாக்க மாதிரி தொங்குது. மருது. இதத் தெரியாதவன் மருதைக் கண்டவனா?"

"ஏய்!" கொம்பையா எகிறினார். "கிழக்க போயிப் பாருங்க அண்ணாச்சி! சதுரம் சதுரமாச் சில்லு வெடிச்சு, முதலைத் தோலாட்டம். கொப்பு நுனியப் பாருங்க, தழும்பு வளையம் வளையமா. இலுப்பை, சாமி சத்தியமா இலுப்பை! இவரு அவுக அய்யா தோள்ல உக்காந்து பாத்த மரம்!"

ஒருவன் சொன்னதை இன்னொருவன் தினம் தினம் கேட்டுக் கேட்டு இரண்டு பேருக்கும் மனப்பாடமாக இருந்தது. ஒரு சொல் பிசகவில்லை.

பூலுடையார் கம்பைத் தரையில் அடித்தார். "நேத்து வரைக்கும் எங்க மரம் எங்க மரம்னு மண்டைய உடைச்சீகளாமே! இப்ப வேண்டாமா? வேண்டாம்னா வாயிச் சொல் பத்தாது. சூடம் கொளுத்துங்க."

மரத்தடியில் சூடம் எரிந்தது. தவசிக்கண்ணு முதலில் வந்தார். குடி சார்பாக, பிள்ளைகுட்டி மேல், கருப்பசாமி மேல், "இது எந்த மரமா இருந்தாலும் எங்க குடிக்கு இதுல ஒட்டும் இல்ல, உறவும் இல்ல, நிழலும் இல்ல, மண்ணும் இல்ல" என்று உள்ளங்கையால் அடித்து அணைத்தார். கொம்பையாவும் அணைத்தார், கை சுட்டது, உதறிக்கொண்டே சத்தியத்தை முடித்தார்.

"அப்ப யாரு மரம்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். அந்த ஊரில் இரண்டு குடியும் ஒரே திசையில் கை நீட்டியது அன்றைக்குத்தான்.

"அவ காட்டுலதான நிக்கு. அவ மரம்."

"நல்லாக் கேட்டுக்கோங்க ஊர்க்காரங்களா, அவ மரம்தான?"

"அவ மரம்தான்! அவ மரம்தான்!" என்று ஊரே கத்தியது, சின்னப் பிள்ளைகள்கூடக் கத்தின.

வெள்ளத்தாய் மாரில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, நான் ஒத்தப் பொம்பள, என்னைய ஏன் மாட்டி விடுதீக, மாமா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லப்படாதா!" என்று தவசிக்கண்ணுவின் காலடியில் போய் விழுந்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார். அவள் எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு, பூலுடையாருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு போனாள், ஆடுகளும் வரிசையாக அவளுக்குப் பின்னால் போயின, ஊர் வேடிக்கை பார்த்தது, ஒருத்தி மட்டும் "பாவம்டி" என்று சொல்லிவிட்டு அக்கம்பக்கம் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

அண்ணன் வீட்டில் கறிச்சோறு போட்டார்கள். சாப்பிட்டுவிட்டு அவள், "நாவிதரைக் கூப்புடு" என்றாள்.

"கிறுக்கா உனக்கு?" என்றான் மாசானம். "காளை தானாச் செத்தது. யாரு கேக்கப் போறா?"

"கேக்க மாட்டாங்கண்ணே. பாப்பாங்க. நான் போனதும் முதல்ல தலையத்தான் பாப்பாங்க." இடுப்புக்குக் கீழே விழுகிற முடி, இருளப்பன் உயிரோடு இருக்கையில் கிணற்றடியில் உட்கார்ந்து சிக்கெடுத்துவிட்ட முடி. கத்தி ஓடும்போது அவள் அழவில்லை, முடி மடியில் விழுந்ததும் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள், அப்போது கொஞ்சம் அழுதாள். பிறகு காளை குழிமேட்டுக்குப் போய், பொய்யாக வந்ததற்கு மெய்யாகவே ஒரு ஒப்பாரி வைத்தாள். காளைக்கு வைத்தாளா, புருசனுக்கு வைத்தாளா, அந்தக் காளைக்குத்தான் தெரியும்.

அவள் மொட்டைத் தலையோடு திரும்பி வந்தபோது மரம் தளிர் விட்டிருந்தது. ஒவ்வொரு கொப்பு நுனியிலும் கொத்துக் கொத்தாக, செம்பு நிறத்தில், ஈட்டி ஈட்டியாக. குருடன்கூடத் தடவிச் சொல்லிவிடுவான். சித்திரையில் பூ வந்தது, விடிகிற நேரத்தில் வெள்ளை வெள்ளையாகச் சோறு கொட்டின மாதிரி உதிர்ந்தது, அந்த இனிப்பு வாசனை வேலியைத் தாண்டி, முள்ளைத் தாண்டி, இலுப்பைக்குடித் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்தது. வௌவால்கள் வந்தன. இலுப்பைக்குடிக்காரர்கள் நிழலின் விளிம்பு வரைக்கும் வந்து நின்றார்கள், அதற்கு மேல் கால் வைக்க முடியவில்லை, சத்தியம் தடுத்தது. மருதங்குடிக்காரர்கள் எதிர் ஓரத்தில் நின்று, "என்ன அண்ணாச்சி, நல்ல மருதா இருக்கே!" என்று சிரித்தார்கள், சிரித்து முடித்ததும் கிணறு நமக்கும் இல்லையே என்று ஞாபகம் வந்து கல்லை விட்டெறிந்தார்கள். பெயர் சொல்ல முடியாத மரம் ஆகிவிட்டது அது. பிள்ளைகள் கேட்டால் "மரம்" என்றார்கள். அதற்கு மேல் கேட்ட பிள்ளைக்கு அடி விழுந்தது.

ஆனியில் பழம் உதிர்ந்தது. வெள்ளத்தாய் கொட்டைகளைப் பொறுக்கி, உடைத்து, காயவைத்து, பக்கத்து ஊர்ச் செக்கில் ஆட்டிக்கொண்டு வந்தாள்.

ஆடி மாதக் கோயில் கொடை அன்று இலுப்பைக்குடிக் கருப்பசாமி முன்னால் மேளம் அடித்துக்கொண்டிருந்தது, பாமாயில் விளக்கு புகைந்துகொண்டிருந்தது. முளைத்தும் முளைக்காத தலைமுடியோடு, இடுப்பில் ஒரு தூக்குவாளியோடு வெள்ளத்தாய் கூட்டத்துக்குள் வந்தாள். தடுக்க வந்தவன் அந்தத் தலையைப் பார்த்து ஒதுங்கினான். அவள் பழைய எண்ணெயை வழித்து வெளியே ஊற்றினாள், தூக்குவாளியைச் சாய்த்துப் புது எண்ணெயை நிரப்பினாள், திரியைத் தூண்டினாள். சுடர் நின்று எரிந்தது. அந்த வாசனை எழுந்தது, அப்பனுக்கு அப்பன் காலத்து வாசனை, மேளக்காரன் கை தானாக நின்றது, பூசாரி இத்தனை வருசத்துக்குப் பிறகு சாமியின் முகத்தை நிமிர்ந்து பார்த்து விம்மிவிட்டார்.

தவசிக்கண்ணுவுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று சொன்னால் கருப்பசாமி மேல் அடித்த சத்தியம் பொய், தெரியாது என்று சொன்னால் கருப்பசாமி மூக்குக்கு முன்னால் எரிகிற விளக்கு பொய். அவருக்குக் கோபத்தில் மீசை துடித்தது.

"என்ன எண்ணெய்டி இது?" என்று கத்தினார். "எந்த மரத்து எண்ணெயக் கொண்டாந்து எங்க சாமிக்கு ஊத்துதே?"

"எனக்கு என்ன மாமா தெரியும், மரத்தப் பாத்தா அடையாளம் சொல்லுத ஆளு நீங்கல்லா," என்றாள் வெள்ளத்தாய். தூக்குவாளிக்குள் விரலை விட்டாள், நிதானமாக முக்கி எடுத்தாள், ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் காப்பாற்றி வைத்திருந்த அந்த மீசையில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், ஒரு மயிர் விடாமல், தடவிவிட்டாள்.